ஆற்றில் விட்ட சுடிதார்

மார்ச் 3, செவ்வாய். இன்றைய பிழை: மதிப்பு இறங்கிய தேதியைப் பிப்ரவரி 9 என்று எழுதியிருந்தேன். 19 என்பதே சரி. ஓர் இலக்கம் விட்டுப்போயிற்று. திருத்தியாயிற்று.

அன்றைக்கு உலகம்மை எழுதியது அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் மாலை வகுப்பில் தரவுப் படிப்புக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு இந்தப் பழக்கம். தினமும் ஒரு பிழை, கடைசி வரியில் மறுநாள் வேலை என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் ஒரே வாரத்தில் விட்டுவிட்டார்கள். அவளால் விட முடியவில்லை. எதையும் சரியாகச் செய்திருப்போம் என்ற நம்பிக்கை அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது. அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தரம் திரும்பிவந்து பார்ப்பவள். பிழையை எழுதிவிட்டால் அது அன்றைக்கு அடங்கிக் கிடக்கும்.

பகலில் வண்ணாரப்பேட்டையில் ஐந்து மாடி ஜவுளிக்கடை ஒன்றில் வேலை. தீபாவளி நேரத்தில் கயிறு கட்டிக் கூட்டத்தை உள்ளே விட்ட கடை அது. இப்போது நகரும் படிக்கட்டையே நிறுத்திவிட்டார்கள். ஊழியர்கள் சுவரோரப் படியில் ஏறுவார்கள். மாடிக்கு இருபத்திரண்டு படி. உலகம்மை மூன்றாம் மாடியில் கொஞ்சம் நின்று, எண்ணியது சரிதானா என்று யோசித்துவிட்டு மேலே போவாள். மாலை வகுப்பால் தூக்கம் குறைவு, அதனால் வரும் களைப்பு என்று வைத்திருந்தாள்.

நான்கு மாதமாக அவளை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். வெறுங்கையோடு வெளியே போகிறவர்களிடம் காரணம் கேட்டுக் குறிக்க வேண்டும். விலை, நிறம், அளவு, தரம், நேரமில்லை, சும்மா வந்தேன் என்று தாளில் ஆறு கட்டங்கள். பெரும்பாலும் விலை என்றுதான் வந்தது. சொல்லும்போது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே நின்றபோதும் அவர்கள் துணியைப் புறங்கையால்தான் தொட்டார்கள். சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோல, மணிக்கட்டு படாமல். அதையும் அவள் ஓரத்தில் குறித்து வைத்திருந்தாள். என்ன கட்டத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

அவள் அம்மாவே அந்தக் கடைக்குள் வந்ததில்லை. ஊழியர் வீட்டாருக்கு இருபது சதவீதம் தள்ளுபடி உண்டு. அம்மா அதையும் வேண்டாமென்று, போனில் சொல்லி வரவழைத்த பழைய துணிக்கட்டிலிருந்து ரவிக்கையும் சேலையும் எடுத்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு அதில் உள்ளூர வெட்கம். போன நவம்பரில் அம்மா இறந்துபோனாள்.

புதன்கிழமை காலை மூன்றாம் தள மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டார். கணபதியப்பன் என்று பெயர். கடையில் எல்லோருக்கும் அண்ணாச்சி. கையில் அவளுடைய நலமதிப்புத் தாள் இருந்தது. எழுபத்தொன்பதில் இருந்த பெயர், பிப்ரவரி பத்தொன்பதில் ஐம்பத்திரண்டுக்கு விழுந்திருந்தது. அதற்குப் பிறகு ஏறவே இல்லை.

"அறுபதுக்குக் கீழ போன ஆளைத் தளத்துல நிப்பாட்ட இன்சூரன்ஸ்காரன் விடமாட்டான்மா. அடுத்த புதங்கிழமை வரைக்கும் நான் சமாளிச்சுக்கிடுதேன். அதுக்குள்ள ஒரு காரணம் கொண்டா."

தனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாள் அவள்.

"எனக்குத் தெரியுது. உன் பேருக்குத் தெரியலையே."

புதுத் துணி எல்லாவற்றிலும் கழுத்திலும் மணிக்கட்டிலும் நாடிநூல் ஓடும் காலம் அது. மயிரிழை போன்ற நூல். தோலில் பட்டால் நாடியைப் படிக்கும். நேற்றைய நாடி இன்றைய மதிப்பு. வேலை, வாடகை வீடு, வைத்தியம் எல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான். ஊரில் அறுபதுக்கு மேலே பச்சை, கீழே சிவப்பு. கடையில் இருப்பவர்களுக்கு இது சோறு தண்ணீர் போலப் பழகிப்போன விஷயம். அதனால்தானோ என்னவோ, அண்ணாச்சி அடுத்துக் கேட்டது உலகம்மைக்கு முதலில் விளங்கவில்லை.

"உனக்கு யூனிபாரம் எத்தனை குடுத்தோம்?"

"ரெண்டு அண்ணாச்சி."

"இப்ப எத்தனை இருக்கு?"

ஒன்றுதான் இருந்தது. அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அவள் வேலையிலிருந்து நேரே பாபநாசம் போனாள். ஆற்றில் முங்கி எழுந்து, உடுத்தியிருந்ததை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு, மாற்றுத்துணி கட்டித் திரும்பிப் பாராமல் படியேற வேண்டும். அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். பாவம் துணியோடு போகும் என்பார்கள். அவளும் நீல யூனிபாரச் சுடிதாரை விட்டாள். அது தண்ணீரில் கொஞ்ச நேரம் கை விரித்தபடி மிதந்ததை, திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதை மறந்து ஒரு தரம் பார்த்தாள். அன்றைய பிழையாக அதைத்தான் எழுதினாள்.

அண்ணாச்சி நெற்றியில் அடித்துக்கொண்டார். "வேட்டி துண்டை விடலாம். நூல் ஓடுற துணியை எவளாவது விடுவாளா? ஆத்துல விட்ட துணியை ஏலம் எடுத்த குத்தகைக்காரன் கீழ்ப்படியில தொரட்டியோட நிக்கான்லா. இழுத்துப் போட்டு, தொவைச்சுக் காயவச்சு, போன்ல ஏத்திருவான். ஆத்துத்துணிக்குத்தான் இப்ப கிராக்கி. செத்தவன் துணி இல்ல பாரு, செத்தவனுக்கு அழுத ஆளு துணி. உசிரோட இருக்கிற பேரு."

"பேரு என்னோடதுன்னா, வேற ஆள் போட்டா தெரியாதா அண்ணாச்சி?"

"நூலுக்கு நாடிதான் தெரியும், ஆள் தெரியாது. பில் போடும்போது முகத்தைப் பாத்துப் பேரை ஏத்துதோம். துணி கிழியிற வரைக்கும் அந்தப் பேருதான். ஒரே பேருல ரெண்டு துணி பேசிச்சுன்னா, எது மோசமாப் பேசுதோ அதைத்தான் எடுப்பான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நெஞ்சு கெட்டுப்போன எவளோ ஒருத்தி உன் சுடிதாரைப் போட்டுக்கிட்டுத் திரியுதா. அவளைப் புடி. துணியை வாங்கு, நூல் நம்பரோட மனுப் போடு. அவ மேல கேஸு, உனக்கு உன் பேரு."

உலகம்மை கையிலிருந்த விசாரிப்புத் தாளைப் பார்த்தாள். "அப்ப நம்ம கடைக்கு ஆள் வராததும் இதுக்குத்தானா?"

"பின்ன? இங்க வாங்குனா முகம் பதியும். போன்ல வாங்குனா துபாய்ல இருக்க மச்சான் பேருல வரும். பழசுல வாங்குனா ஏற்கெனவே எவன் பேரோ இருக்கும். நோக்காடு உள்ளவன் ஏன் இங்க வாரான்? நோக்காடு இல்லாதவன் இந்த ஊருல எத்தனை பேரு?"

"முதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியாமலா. பழைய துணி விக்கிறதை ஒழிக்கணும்னு மேல மனுக் குடுக்கப் போறாவ. அதுக்கு ஒரு தாள் வேணும்லா. உன்னை வாசல்ல எதுக்கு நிறுத்தியிருக்குன்னு நெனச்ச?"

துணியைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. ஆற்றுத்துணி விற்கும் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பார்த்ததைக் குறித்துக்கொண்டே போனாள். எல்லாப் பக்கத்திலும் முதலில் மதிப்பெண், பிறகு வயது, பிறகு ஆணா பெண்ணா. நிறமும் அளவும் கடைசியில். நூற்று நாற்பத்தோராவது படத்தில் கீழ்மடிப்பில் இஸ்திரி சுட்ட தடம் தெரிந்தது. அவள் சுட்ட தடம்தான். எழுபத்தொன்பது, இருபத்துமூன்று வயது, பெண், நீலம். விற்றுவிட்டது.

விற்றவன் எண்ணில் கூப்பிட்டால் அவன் சலித்துக்கொண்டான். அந்தத் துணிக்கா, அதை வாங்கினவள் ஏற்கெனவே தினம் போன் போட்டு உயிரை எடுக்கிறாள், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் எண்ணையும் முகவரியையும் கொடுத்துவிட்டான். வாங்கினவள் எதற்காக உயிரை எடுக்க வேண்டும் என்று உலகம்மைக்கு ஒரு நிமிடம் தோன்றியது. முகவரியை மூன்று தரம் சரிபார்த்ததில் அது மறந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் தாழையூத்தில் பஸ் இறங்கினாள். பையில் நோட்டும் மனுவும். மனுவில் நூல் எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. வீட்டில் அப்பாவுக்கு வேலை கிடையாது. அவள் சம்பளத்தில்தான் வாடகை. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். கோபப்படக்கூடாது, எதிராளியும் நோயாளி.

அந்த வீட்டு நிலையில் காய்ந்த வேப்பிலை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். திடமான தோள், கை நிறைய சோப்பு நுரை. பெயர் முப்பிடாதி. உலகம்மை தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் இடுப்பில் கைவைத்துவிட்டாள்.

"நீங்கதானா அது? ஒரு மாசத்துக்கு மேல நான்லா உலகம்மையாத் திரிஞ்சேன். தினம் கேட்ல அந்தப் பொட்டி, வணக்கம் உலகம்மைன்னு சொல்லும். எம் புருசன்கூட அப்படி மரியாதையாக் கூப்பிட்டதில்ல." சிரித்தாள். சிரிப்பு உடனே போயிற்று. "என்னத்தைக்கா செஞ்சிய உங்க பேரை?"

உலகம்மை ஒத்திகை பார்த்ததில் இந்தக் கேள்வி இல்லை.

உள்ளே கூட்டிப்போய்ப் பாயை விரித்து, முப்பிடாதி தன் கதையைக் கொட்டினாள். கங்கைகொண்டானில் பார்சல் மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் அவளுக்குத் தினக்கூலி. அங்கே கேட் ஆளைப் பார்க்காது, துணியைப் பார்க்கும். அவள் பெயர் கெட்டு வருஷமாயிற்று. சுண்ணாம்புத் தூசியில் நெஞ்சு போன புருஷனுக்குத் தன் பெயரில் நாலு சட்டை வாங்கிக் கொடுத்தாள். இப்போது அவன் நாடிதான் அவள் பெயர். மாற்றிப் போட அவனுக்கு வேறு சட்டை கிடையாது. அதனால் பொங்கலுக்கு முன்பு, குழந்தையின் கொலுசை விற்று, நல்ல பெயராகப் பார்த்து இந்தச் சுடிதாரை வாங்கினாள். "எழுபத்தொம்போதுன்னு வாங்குனேன்க்கா. பிப்ரவரி இருபத்தொண்ணு காலையில கேட்ல போய் நிக்கேன், செவப்பு. அன்னைலேர்ந்து வேலை இல்ல."

தன்னை விட மூத்தவள் அக்கா என்று அழைப்பதை உலகம்மை கவனித்தாள். பெயருக்குச் சொந்தக்காரிக்குத் தரும் மரியாதை போலும். அவள் நோட்டை விரித்தாள். 

"இருபத்தொண்ணுக்கு முந்தி, கடைசியா என்னைக்குப் போட்டிய?"

"ஒம்போதாம் தேதி. மறுநா காலையில சின்னவனுக்கு முத்து பாத்தோம், அம்மை. இருபதாந்தேதி தலைக்குத் தண்ணி விட்டோம். அதுவரைக்கும் நான் வாசப்படி தாண்டல. பழைய நூல்சேலையைச் சுத்திக்கிட்டுக் கெடந்தேன். அம்மை பாத்த வீட்டுல இந்தத் துணியெல்லாம் உடம்புல படலாமா?" அவள் பரணைக் காட்டினாள். "மஞ்சப் பையில அங்கனதான் கெடந்துச்சு. இப்பவும் அங்கனதான் கெடக்கு."

"பத்துலேர்ந்து இருபது வரைக்கும்."

"ஆமாக்கா."

"ஒரு நாள்கூட..."

"அம்மன் மேல ஆணையா."

உலகம்மை மறுபடி கேட்டாள். மூன்றாம் தரமும் கேட்டாள். பதில் மாறவில்லை. நோட்டில் பிப்ரவரி 9 என்பதன் மேல் நேராக ஒரு கோடு, பக்கத்தில் 19. ஐந்து நாளுக்கு முன்பு அவளே திருத்தியது. ஒன்பதாகவே இருந்திருந்தால் இவள் மேல் பழி போட இடம் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் செய்த பிழை பிழையாகவே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். பத்தொன்பதில் இந்தச் சுடிதார் பையில் மடிந்து கிடந்தது. அவள் பெயரில் அன்றைக்கு உடம்பில் பட்டிருந்த துணி, அவளிடம் மிச்சமிருந்த யூனிபாரம் ஒன்றுதான். இப்போதும் போட்டிருந்தாள்.

முப்பிடாதிக்கு அவள் முகத்திலிருந்தே விஷயம் விளங்கிவிட்டது. நோய் உள்ள வீட்டில் இருப்பவள் அல்லவா. எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"மாடி ஏறுனா மூச்சு வாங்குமாக்கா?"

"மூணாவது மாடியில நிப்பேன். படியைச் சரியா எண்ணுனேனான்னு பாக்க."

"எத்தனை மாசமா எண்ணுதிய?"

உலகம்மைக்கு அம்மாதான் கண்முன் வந்தாள்.

அக்டோபரில் வாசல் விசாரிப்பைத் தொடங்கும் முன்பு, கேள்விகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க முதலில் அம்மாவைத்தான் உட்காரவைத்துக் கேட்டாள். மாதிரி விசாரிப்பு, ஆள் எண் ஒன்று. எங்கள் கடைக்கு நீ ஏன் வருவதே இல்லை? அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "விலைன்னு போட்டுக்கோ" என்றாள். தள்ளுபடி போக விலை குறைவுதானே என்று மகள் விடாமல் கேட்டபோது, "விலைன்னு போட்டுக்கோன்னு சொல்லுதேன்லா" என்று கீரைக்காம்பைத் தட்டில் வீசினாள்.

அடுத்த மாதம் நெஞ்சு வலிக்கிறது என்று அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். வாசலில் ரவிக்கையைப் படித்தார்கள். எண்பத்தொன்று, பச்சை விளக்கு. வாய்வாக இருக்கும், சிவப்பெல்லாம் முடியட்டும், பெஞ்சில் இருங்கள் என்றார்கள். அம்மா பெஞ்சில் இருந்தாள். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. வேறு யாருடைய பெயரையோ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று எப்படிச் சொல்வாள்? இரண்டு மணி நேரம் கழித்து மகள் தோளில் சாய்ந்தாள். அப்பா இன்றைக்கு வரைக்கும் மெஷின் தப்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மகள் நிற்கும் கடைக்குள் வந்தால் பில் மேடையில் முகம் பதியும், மகள் கண் முன்னாலேயே எண் வந்து நிற்கும். தன் நெஞ்சு கெட்டது அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"அழாதிய," என்றாள் முப்பிடாதி. உலகம்மை அழவில்லை, நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பிடாதி பரணிலிருந்து மஞ்சள் பையை இறக்கிச் சுடிதாரை எடுத்து மடியில் விரித்தாள். நெஞ்சில் கடையின் பெயரைப் பிரித்தெடுத்த ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. மனுவுக்கு வேண்டிய நூல் எண் கழுத்துப்பட்டியில் அச்சாகியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"ஒண்ணு சொல்லுதேன், கேப்பியளா? எனக்கு உடம்பு நல்லா இருக்கு. எண்பது கிலோ மூட்டையைத் தூக்குதேன். நாளைலேர்ந்து நான் இதைப் போடுதேன். நீங்க உங்க துணிக்கு உள்ள, கழுத்துலயும் கையிலயும் நூல் படாம எதையாவது வச்சுத் தச்சுக்கிடுங்க. பேரை மட்டும் கேட்டுக்குக் காட்டும், நாடியைச் சொல்லாது. எம் புருசனுக்குத்தான் கழுத்துல எது இறுகினாலும் மூச்சு முட்டும், இல்லாட்டி அவருக்கும் தச்சிருப்பேன். பேசுறது என் துணி மட்டும்தான். ரெண்டு நாள்ல பச்சை ஆயிரும். ரெண்டு பேருக்கும் கேட் தொறக்கும்."

"அப்ப எனக்கு வைத்தியம்?"

முப்பிடாதி சுடிதாரை மடிக்கத் தொடங்கினாள். கையை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஓரம் சேர்த்து, மெதுவாக.

"பச்சைக்கு எவன்க்கா வைத்தியம் பாப்பான்? செவப்புன்னா வேலை போவும். வேலையோட இன்சூரன்சும் போவும். எங்க வீட்டுல ஒண்ணு செவப்பாக் கெடக்கு. அதுக்கு என்ன வைத்தியம் நடக்குன்னு பாக்கியளா?"

உள்ளறையிலிருந்து ஓர் ஆணின் இருமல் கேட்டது. வெகுநேரம் நிற்கவில்லை. இருவரும் அது ஓயும் வரை காத்திருந்தார்கள்.

உலகம்மை மனுவை எடுத்து நாலாகக் கிழித்து, துண்டுகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டாள். போகும்போது முப்பிடாதி அவளைத் தெருமுனை வரை கொண்டுவிட்டாள். பஸ் வந்தபோது, "பாத்துப் போங்க உலகம்மை," என்றாள். அந்தப் பெயரை அவ்வளவு பழக்கமாக யாரும் சொல்லி உலகம்மை கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து, வெளிச்சம் இருக்கும்போதே நோட்டைத் திறந்தாள். விசாரிப்புத் தாள்களில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் விலை என்று சொல்லியிருந்தார்கள். புறங்கையால் தொட்டார்கள் என்று ஓரங்களில் குறித்திருந்ததை ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு எழுதினாள்.

மார்ச் 8, ஞாயிறு. இன்றைய பிழை: அக்டோபர் மாதிரி விசாரிப்பில் ஆள் எண் ஒன்றுக்குக் காரணம் 'விலை' என்று குறித்தது. திருத்தப்போவதில்லை.

நாளைய வேலை: ஐந்து மணிக்கு எழுந்து, அப்பாவின் பழைய வேட்டியில் பட்டி வெட்டி, யூனிபாரத்தின் கழுத்திலும் மணிக்கட்டிலும் உட்புறமாகத் தைக்க வேண்டும். ஆறு மணிக்கு முப்பிடாதியைக் கூப்பிட்டு, சுடிதாரைப் போட்டுவிட்டாளா என்று கேட்க வேண்டும். தாள்களை அண்ணாச்சியிடம் கொடுக்க வேண்டும். காரணம்: விலை.